மலை வாழ்ந்தால் மளிகை வாழும்

சேர்வராயன் மலை வணிகத்திலிருந்து ஒரு பாடம்



வணிகத்தில் நேர்மை என்ற பேச்சு வந்தால் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வாடிக்கையாளர்தான். சரியான எடை, கலப்படமில்லாத சரக்கு, நியாயமான விலை ஆகிய மூன்றையும் கல்லாவுக்கு முன்னால் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று நினைக்கிறோம். கல்லாவுக்குப் பின்னால், நமக்குச் சரக்கு விற்கிறவர் ஒருவர் இருக்கிறார். அவர் தோட்டமும் அவர் ஊரின் மழையும் நன்றாக இருந்தால்தான் அடுத்த ஆண்டு நம் கிடங்குக்குச் சரக்கு வரும். ஆகவே கொள்முதலில் காட்டும் நேர்மையும் விற்பனையில் காட்டும் நேர்மையும் ஒன்றே. இதைச் சேலத்துக்கு மேலே நிற்கும் சேர்வராயன் மலையை உதாரணமாகக் கொண்டு இந்தப் பாடத்தில் பார்ப்போம். மற்ற ஊர் வணிகர்கள் ஏற்காடு என்ற இடத்தில் கொல்லிமலை, கல்வராயன் மலை, ஏலகிரி என்று தங்கள் பக்கத்து மலையின் பெயரைப் போட்டுப் படித்துக்கொள்ளலாம்.

மலையும் மண்டியும்

சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 5,000 அடி உயரம். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் இங்கே காப்பிச் செடியைக் கொண்டுவந்து நட்டார். அன்று தொடங்கிய காப்பி இன்றும் இந்த மலையின் முக்கியப் பயிர். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறுகிறது. பலா, கொய்யா, வாழை, ஆரஞ்சு ஆகியவையும் விளைகின்றன. மலைக் கிராமங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் மலையாளி என்ற பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தார் என்று எண்ண வேண்டாம். மலையை ஆள்பவர் என்பதே அந்தப் பெயருக்கு இங்குள்ள பொருள். காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் தாங்கள் என்பது அவர்களின் வழிவழிச் செய்தி.

காப்பியும் மிளகும் மலையிலிருந்து கீழே வருகின்றன. அரிசி, பருப்பு, எண்ணெய், சர்க்கரை, சோப்பு, உரம் எல்லாம் கீழிருந்து மேலே போகின்றன. செவ்வாய்ப்பேட்டையிலும் லீ பஜாரிலும் கடை வைத்திருப்பவர்களுக்கு மலைக்காரர் ஒரே சமயத்தில் சரக்கு தருபவராகவும் சரக்கு வாங்குபவராகவும் இருக்கிறார். அவர் கையில் காசு குறைந்தால் நம் விற்பனையும் குறையும். இது தரும உபதேசம் அல்ல, பேரேட்டுக் கணக்கு.

இன்னொரு தொடர்பும் உண்டு. சேலம் நகரத்தின் ஊடே ஓடும் திருமணிமுத்தாறும், மேற்கே ஓடும் சரபங்காவும் இந்த மலையில்தான் பிறக்கின்றன. மலையில் காடு அழிந்தால் இந்த ஆறுகளுக்கு வரும் நீர் குறையும். மலையில் எறியும் குப்பை மழையோடு இறங்கி நம் ஊருக்கே வந்து சேரும்.

விலை சொல்லும் பொறுப்பு யாருடையது?

பழைய வணிகர்களுக்கு நினைவிருக்கும். 1942ஆம் ஆண்டின் காப்பிச் சட்டப்படி, தோட்டக்காரர் தம் காப்பியை வெளியில் விற்க முடியாது. காப்பி வாரியத்தின் பொதுத் தொகுப்பில் சேர்த்துவிட வேண்டும். வாரியம் ஏலம் விட்டு விற்று, தவணை தவணையாகப் பணம் கொடுக்கும். பணம் வருவதற்குக் காலதாமதம் ஆகும் என்ற குறை இருந்தது. ஆனால் யாரும் தோட்டத்து வாசலில் வந்து நின்று விலையை அடித்துப் பேச முடியாது என்ற பாதுகாப்பும் இருந்தது.

1992 முதல் இந்த முறை படிப்படியாகத் தளர்த்தப்பட்டு, 1996இல் முழுவதும் நீங்கியது. இப்போது காப்பி விளைவிப்பவர் யாருக்கும் விற்கலாம். சுதந்திரம் வந்தது நல்லதே. ஆனால் ஐம்பது ஏக்கர் எஸ்டேட்காரருக்கும் அரை ஏக்கர் மலைவாசிக்கும் அந்தச் சுதந்திரம் ஒன்றாக இல்லை. எஸ்டேட்காரர் அன்றைய சந்தை நிலவரத்தைத் தெரிந்துகொண்டு, கிடங்கில் வைத்திருந்து விற்பார். அரை ஏக்கர்காரருக்குப் பழம் பறித்த அன்றே பணம் வேண்டும். அவருக்கு விலை சொல்பவர் வாசலுக்கு வரும் வியாபாரி ஒருவர்தான்.

வெளிநாட்டு நிலவரமும் சேர்ந்து ஆட்டுகிறது. 1989இல் சர்வதேசக் காப்பி ஒப்பந்தத்தின் ஒதுக்கீட்டு முறை முறிந்ததும் உலக விலை சரிந்தது. 2001ஆம் ஆண்டில் முப்பது ஆண்டுகளில் காணாத தாழ்வுக்குப் போனது. பிறகு பிரேசில் நாட்டு வறட்சியால் 2024 டிசம்பரில் அரபிகா காப்பி விலை 1977ஆம் ஆண்டின் உச்சத்தைத் தாண்டி, 2025 பிப்ரவரியில் இன்னும் மேலே ஏறியது. விலை சரியும்போது வியாபாரி அந்தச் சரிவை அன்றைக்கே விவசாயியிடம் சொல்லிவிடுகிறார். விலை ஏறும்போது ஏற்றத்தை எத்தனை நாள் கழித்துச் சொல்கிறார்? வணிகரின் நாணயம் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும்.

முன்பு வாரியத்திடம் இருந்த பொறுப்பு இன்று நம்மிடம் வந்திருக்கிறது. யாரும் நம்மைக் கேட்கப்போவதில்லை என்பதால்தான் நாமே நம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நிழல் மரத்தின் கணக்கு

தட்பவெப்ப மாற்றம் என்பதை விஞ்ஞானிகள் பேசும் செய்தி என்று மளிகைக்காரர் ஒதுக்கிவிட முடியாது. மழை எப்போது பெய்கிறது என்பதை வைத்தே நம் கொள்முதல் இருக்கிறது.

காப்பிச் செடி பூப்பதற்குப் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான காலத்தில் ஒரு நல்ல மழை வேண்டும். மலையில் அதைப் பூ மழை என்பார்கள். அந்த மழை பிந்தினாலோ பொய்த்தாலோ அந்த ஆண்டு காய்ப்பு குறையும். நவம்பர் முதல் ஜனவரி வரை பழம் பறித்துக் களத்தில் காய வைக்கும் காலம். அப்போது அடைமழை பிடித்தால் பழம் உதிரும், காயப்போட்டது பூஞ்சை பிடிக்கும். 2024 டிசம்பர் முதல் வாரத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதை நாம் பார்த்தோம். அறுவடை நேரத்தில் வந்த மழை அது. சரக்கு இறங்கவும் இல்லை, மளிகை ஏறவும் இல்லை.

இந்த ஆபத்தைக் குறைக்கக்கூடிய பொருள் ஒன்று மலையிலேயே நிற்கிறது. அதுதான் நிழல் மரம். நம் நாட்டுக் காப்பி மரநிழலில் வளர்வது. நிழல் மரம் வெயிலின் கடுமையைத் தணிக்கிறது. அதன் சருகு மண்ணை மூடி ஈரம் காக்கிறது. வேர் சரிவில் மண்ணைப் பிடித்து நிறுத்துகிறது. அரபிகாவுக்குப் பெரும் பகையான வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்னும் வண்டு, வெயில் படும் தண்டுகளைத்தான் அதிகம் தேடி முட்டையிடுகிறது. நிழல் போனால் வண்டு வருகிறது, வண்டு வந்தால் செடி போகிறது.

இதில் வணிகரின் பங்கு என்ன? விலை படுத்துவிட்ட ஆண்டில், கடன் நெருக்கும்போது, விவசாயிக்கு உடனே காசாகக் கூடியது மரம். மரத்தை வெட்டி விற்கிறார். அதில் ஏறியிருந்த மிளகுக் கொடியும் அதோடு போகிறது. அதற்கும் மேலே போனால் நிலத்தையே தங்கும் விடுதி கட்டுபவருக்கு விற்றுவிட்டு, அதே விடுதியில் காவலாளியாக நிற்கிறார். நாம் கிலோவுக்கு அடித்துப் பேசிய சில ரூபாய் அந்த மரத்தின் வேரில் விழுந்த வெட்டு. நியாய விலை கொடுக்கும் வணிகர் தம்மை அறியாமலே ஒரு தோப்பைக் காப்பாற்றுகிறார்.

எடையும் ஈரமும்

கொள்முதலில் அதிகம் தவறு நடப்பது விலையில் அல்ல, கழிவில். சாக்குக்கு இவ்வளவு, ஈரத்துக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, மாதிரிக்கு ஒரு கை என்று கழித்துக்கொண்டே போவது சில இடங்களில் வழக்கம். ஒரு முறை மலையிலிருந்து மிளகு கொண்டுவந்த பெரியவர் ஒருவர் எங்கள் தராசைப் பார்த்துச் சொன்னார்: "அய்யா, உங்க தராசு சொல்றத நாங்க கேட்டுக்குறோம். நாங்க சொல்றத எந்தத் தராசு கேக்கும்?" அவர் கோபித்துச் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்புக்குப் பதில் சொல்லும் வழி கணக்குதான்.

மிளகு 12 சதவீதத்துக்கு மேல் ஈரமில்லாமல் இருந்தால் கெடாது. 15 சதவீத ஈரத்தோடு 100 கிலோ வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதில் ஈரம் நீங்கிய சரக்கு 85 கிலோ. அதை 12 சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால் கிடைப்பது 85ஐ 0.88ஆல் வகுத்தால் வருவது, அதாவது ஏறத்தாழ 96.6 கிலோ. ஆகவே நியாயமான ஈரக் கழிவு 3.4 கிலோ. காய வைக்கும் கூலியைத் தனியாகச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம். கையால் தடவிப் பார்த்துவிட்டு 'ஈரம் அதிகம், நூற்றுக்கு ஐந்து' என்று கழித்தால், 1.6 கிலோ மிளகு விலை கொடுக்காமல் நம் கிடங்குக்கு வந்துவிடுகிறது. ஒரு மூட்டையில் அது சிறிதாகத் தெரியும். அறுவடை முழுவதும் சேர்த்துப் பார்த்தால் அது ஒரு குடும்பத்தின் பள்ளிச் செலவு.

ஈரப்பத மானி ஒன்று வாங்கி மேசை மேல் வையுங்கள். விற்பவர் கண் முன்னால் அளந்து, எண்ணை இரசீதில் எழுதுங்கள். சாக்கை வெறுமையாக ஒரு முறை எடை போட்டுக் காட்டிவிட்டு அந்த எடையை மட்டும் கழியுங்கள். மின்னணுத் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வைக்க வேண்டும் என்பது சட்டம். 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் விற்கும் தராசுக்கும் வாங்கும் தராசுக்கும் ஒன்றே. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்னவர்கள் நம் முன்னோர். அடுத்தவர் வீட்டிலிருந்து எடுக்கும்போது அளக்க வேண்டாமா?

முன்பணமும் பற்று வரவும்

மலையில் பணம் புழங்கும் மாதங்கள் குறைவு. காப்பிப் பணம் மார்கழி, தை. மிளகுப் பணம் மாசி, பங்குனி. மற்ற மாதங்களில் கடையில் பற்று எழுதித்தான் சாப்பாடு. கடன் கொடுக்கும் கடைக்காரரை நாம் குறை சொல்லவில்லை. வங்கி கொடுக்காத கடனை அவர் கொடுக்கிறார். மருத்துவமனைக்குப் போகும் இரவில் கதவைத் தட்டினால் திறப்பவரும் அவரே. ஆனால் கடனையும் விளைச்சலையும் ஒரே முடிச்சாகப் போடும்போது என்ன நடக்கிறது என்று பார்ப்போம். கணக்கு விளங்குவதற்காகச் சொல்லும் எண்கள் இவை.

ஒருவர் 10,000 ரூபாய்க்கு ஆறு மாதம் மளிகை பற்று வாங்குகிறார். மிளகு வந்ததும் கிலோ 500 ரூபாய் வீதம் கொடுத்துக் கழிப்பதாக முன்பே பேச்சு. அறுவடையன்று சந்தை விலை 600 ரூபாய். அவர் கொடுக்க வேண்டியது 20 கிலோ. அதன் சந்தை மதிப்பு 12,000 ரூபாய். அதாவது 10,000 ரூபாய்க்கு ஆறு மாதத்தில் 2,000 ரூபாய் வட்டி, ஆண்டுக்கு 40 சதவீதம். வட்டி என்ற சொல்லே வாயில் வரவில்லை, வட்டி மட்டும் வந்துவிட்டது. மளிகையில் ஏற்கெனவே கிடைத்த இலாபம் இதில் சேரவில்லை.

இதற்கு மாற்று எளிது. மளிகைப் பற்றை ஒரு கணக்காகவும் சரக்குக் கொள்முதலை வேறு கணக்காகவும் வைக்க வேண்டும். சரக்குக்கு அறுவடையன்றைய சந்தை விலை. பற்றுக்கு வட்டி உண்டென்றால் அது எவ்வளவு என்று முதல் நாளே வாயால் சொல்லி, அவர் கையில் இருக்கும் குறிப்புப் புத்தகத்திலும் எழுதிக் கொடுக்க வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் பள்ளிக்குப் போகும் அவர் பிள்ளையை அழைத்துப் படித்துக் காட்டச் சொல்லலாம்.

பணம் கொடுக்கும் நாளும் முக்கியம். சிறு தொழில் நிறுவனங்களுக்கு 45 நாளுக்கு மேல் பாக்கி வைக்கக் கூடாது என்று 2006ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. காப்பியும் மிளகும் விளைவித்து விற்கும் விவசாயி அந்தச் சட்டத்தின் பாதுகாப்பில் வருவதில்லை. சட்டம் கேட்காத இடத்தில் கேட்க வேண்டியது மனச்சாட்சி. சரக்கு இறங்கிய அன்றே பணம் என்பதே மலைக்காரருக்குச் செய்யும் பெரிய உதவி.

சரக்கின் பெயரைச் சரக்கே காப்பாற்ற வேண்டும்

நியாய விலைக்கு வாங்கிய சரக்கை நியாயமாக விற்றால்தான் வட்டம் முழுமையாகும். காப்பித்தூளில் சிக்கரி சேர்ப்பது குற்றம் அல்ல. பலருக்கு அந்தச் சுவைதான் பிடிக்கும். மறைப்பதுதான் குற்றம். காப்பி சிக்கரிக் கலவையில் காப்பி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, எந்த அளவு சேர்த்திருக்கிறது என்பதைப் பொட்டலத்தின் மேல் அச்சிட வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. அரைத்துக் கொடுக்கும் கடைகளில் '80க்கு 20', '70க்கு 30' என்று பலகையில் எழுதிப்போட்டு விலையையும் தனித்தனியாகப் போட்டால் வாடிக்கையாளரே தேர்ந்துகொள்வார்.

ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தூளை மெல்லத் தூவினால் காப்பித்தூள் சிறிது நேரம் மிதக்கும். சிக்கரி உடனே பழுப்பு நிறக் கோடு விட்டுக்கொண்டு கீழே இறங்கும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் தண்ணீரில் போட்டதும் விதை மிதக்கும், நல்ல மிளகு அமிழும். ஆனால் முற்றாத இளமிளகும் மிதக்கும். ஆகவே மிதந்ததை எல்லாம் கலப்படம் என்று தீர்ப்புச் சொல்லி விவசாயியைத் திருப்பி அனுப்பிவிடக் கூடாது. கையில் எடுத்து உடைத்துப் பார்க்க வேண்டும். பப்பாளி விதை சற்று நீள்வட்டமாக, பசுமை கலந்த பழுப்பாக, மிளகின் காரம் இல்லாமல் இருக்கும்.

2019இல் நம் நாட்டில் ஐந்து காப்பி வகைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடகு, சிக்மகளூர், பாபாபுடன்கிரி, வயநாடு, அரக்குப் பள்ளத்தாக்கு ஆகியவை அவை. அந்த வரிசையில் சேர்வராயன் இல்லை. காப்பி வாரியம் வட்டாரக் காப்பிகளுக்குத் தரும் சின்னங்களில் சேர்வராயனுக்கும் ஒன்று உண்டு. ஆனால் நம் ஊர்க் கடைகளிலேயே 'ஏற்காடு காப்பி' என்று தனியாகப் பெயரிட்டு வைப்பவர் குறைவு. வெளியூர்ச் சரக்கோடு கலந்துவிட்டால் மலையின் பெயரும் கரைந்துவிடும். சுத்தமாகத் தனியே வைத்து, பெயர் சொல்லி விற்றால் விலையும் நிற்கும். அந்தப் பெயரை வைத்துக்கொண்டு வேறு காப்பியை விற்பது மலைக்குச் செய்யும் துரோகம்.

பொட்டலமும் பையும்

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்துள்ளது. தூக்குப் பை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் தடைதான். 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியது. சட்டம் இருக்கிறது, பையும் ஒளிந்து ஒளிந்து வருகிறது. அபராதத்துக்குப் பயந்து விடுவதைவிட, காரணம் தெரிந்து விடுவது நிலைக்கும். மலையில் குப்பையை அள்ளிக் கீழே கொண்டுவர 20 வளைவு இறங்க வேண்டும். அள்ளாமல் விட்டதை ஓடை அள்ளிக்கொண்டு திருமணிமுத்தாற்றில் சேர்க்கும்.

மளிகைக் கடைக்கு இது புதிய பாடம் அல்ல. முன்பு பருப்பைக் காகிதக் கூம்பில் கட்டிச் சணல் நூல் சுற்றிக் கொடுத்தோம். எண்ணெய்க்கு வாடிக்கையாளரே தூக்குப் பாத்திரம் கொண்டுவந்தார். அந்த வழக்கத்தை மீட்கலாம். ஒரு எச்சரிக்கை மட்டும்: பழைய செய்தித்தாளில் உணவுப் பொருளை மடிப்பதை இப்போது உணவுப் பாதுகாப்பு விதிகள் தடுக்கின்றன, அச்சு மை உணவில் ஏறும் என்பதால். வெற்றுப் பழுப்புக் காகிதம் பயன்படுத்துங்கள்.

துணிப் பை விலை அதிகம் என்பவர்களுக்கு ஒரு வழி. பைக்கு முன்பணம் வாங்குங்கள், திருப்பித் தந்தால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள். நீலகிரி மாவட்டத்தில் 2022 முதல் மதுக்கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். காட்டில் உடைந்து கிடந்த பாட்டில்கள் கடைக்குத் திரும்பின. சோடாப் பாட்டிலுக்கு நம் தாத்தா காலத்துக் கடையில் இருந்த வழக்கம்தானே அது? சுற்றுலாப் பயணிகள் வரும் ஏற்காட்டுக் கடைகளுக்கு இந்த முறை நன்றாகப் பொருந்தும்.

வண்டி வாடகையிலும் ஒரு சிக்கனம் உண்டு. அரிசி ஏற்றிப் போகும் வேன் பெரும்பாலும் காலியாக இறங்குகிறது. காப்பி ஏற்ற வேறு வேன் காலியாக ஏறுகிறது. இரு வணிகர்கள் பேசி வைத்துக்கொண்டால் ஒரு நடை மிச்சம். டீசலும் மிச்சம், மலைக்குப் புகையும் மிச்சம்.

செய்து காட்டியவர்கள்

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று யாரும் எண்ண வேண்டாம். நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்கு ஒரு காலத்தில் தயாரிப்பாளருக்கும் வாங்குபவருக்கும் இடையே ஓயாத வழக்கு. 1981இல் சேகோசர்வ் என்ற கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. சரக்கைக் கிடங்கில் வைத்து, மாதிரி எடுத்துச் சோதித்து, டெண்டர் முறையில் எல்லோர் கண்ணுக்கும் தெரிய விற்றார்கள். வைத்த சரக்கின் பேரில் முன்பணமும் கொடுத்தார்கள். எடையையும் தரத்தையும் பொது இடத்தில் பார்த்ததால் வாங்கிய வணிகருக்கும் நம்பிக்கை வந்தது. 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளை நீலகிரிப் பழங்குடிகளிடம் தேனை நியாய விலைக்கு வாங்கி விற்கும் பணியைச் செய்து வந்தது. அதன் தொடர்ச்சியாக 2013இல் ஆதிமலை என்ற உற்பத்தியாளர் நிறுவனம் ஏற்பட்டது. பங்குதாரர்கள் பழங்குடி மக்களே. தேன், காப்பி, மிளகு, சிறுதானியம் ஆகியவற்றை அவர்களே பக்குவப்படுத்திப் பொட்டலமிட்டு விற்கிறார்கள். இப்படிப்பட்டவர்கள் வளர்ந்தால் நமக்குப் போட்டி என்று நினைக்கத் தேவையில்லை. சுத்தமான சரக்கு ஒரே இடத்தில் கிடைத்தால் மொத்த வணிகருக்கு அதைவிட வசதி வேறில்லை.

இவற்றுக்கெல்லாம் மூத்த உதாரணம் நம் வணிக மரபிலேயே இருக்கிறது. அதுதான் மகமை. விருதுநகர், சிவகாசி வணிகர்கள் மூட்டைக்கு இவ்வளவு என்று தமக்குத் தாமே வரி போட்டுக்கொண்டு, அந்தப் பணத்தில் கிணறு வெட்டினார்கள், சாவடி கட்டினார்கள், பள்ளிக்கூடம் நடத்தினார்கள். விருதுநகர் வீடுகளில் பிடி அரிசி திரட்டி வளர்த்த சத்திரிய வித்தியாசாலையில் படித்தவர்தான் காமராஜர். பிடி அரிசியில் நடந்த பள்ளியில் படித்தவர் பின்னாளில் முதலமைச்சராகி நாடு முழுவதும் பேசும் மதிய உணவுத் திட்டத்தைத் தமிழகப் பள்ளிகளில் விரிவாக நடத்திக் காட்டினார். மூட்டைக்குச் சில காசு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அதே மகமையை மலைக்கு வைக்கலாம் என்பது நம் யோசனை. மலையிலிருந்து இறங்கும் மூட்டை ஒன்றுக்கு ஐந்து ரூபாய், வாங்கும் வணிகர் பொறுப்பில். விவசாயி பணத்தில் கழிக்கக் கூடாது. ஆண்டுக்கு 5,000 மூட்டை வாங்கும் வணிகர்கள் சிலர் சேர்ந்தால் 25,000 ரூபாய். பொது ஈரப்பத மானி, காய வைக்கத் தார்ப்பாய், நிழல் மரக் கன்று, மலைக் கிராமப் பள்ளிக்குக் குறிப்பேடு என்று எதற்குச் செலவிடலாம் என்பதை மலைக்காரர்களைக் கேட்டே முடிவு செய்ய வேண்டும். வரவு செலவைக் கடை வாசலில் ஒட்ட வேண்டும்.

கட்டுப்படியாகுமா?

'பக்கத்துக் கடைக்காரர் அடித்து வாங்குகிறார், பெரிய அங்காடிகளும் செல்பேசி வழி விற்பவர்களும் விலையைக் குறைக்கிறார்கள், நாம் மட்டும் நியாயம் பேசினால் கடையைச் சாத்த வேண்டியதுதான்' என்று சிலர் சொல்வது காதில் விழுகிறது. பாதி உண்மை. முதல் ஆண்டில் இலாபம் சிறிது குறையும், அதை மறைக்க வேண்டாம். ஆனால் அடித்து வாங்குபவரிடம் விவசாயி வேறு வழியில்லாமல் விற்கிறார், நல்ல சரக்கை ஒளித்து வைத்துக் கழிவைக் கொண்டுவருகிறார். சரியாக அளப்பவரிடம் முதல் பறிப்பைக் கொண்டுவருகிறார். சரக்குத் தட்டுப்பாடு வரும் ஆண்டில் யாருக்குச் சரக்கு கிடைக்கும் என்பதை 2024, 2025 ஆண்டுகளின் காப்பி விலையில் பார்த்தவர்கள் அறிவார்கள். பெரிய அங்காடியிடம் பணம் இருக்கிறது. மலையில் யார் வீட்டில் கல்யாணம், யார் தோட்டத்தில் எந்த மாதம் மிளகு என்று தெரிந்திருப்பது நம்மிடம்தான் இருக்கிறது.

தன்னாய்வுக் கேள்விகள்

இரவு கணக்கு முடித்ததும் ஒவ்வொருவரும் தமக்குத் தாமே கேட்டுக்கொள்ள:

1. இன்று வாங்கிய சரக்கின் விலையை விற்றவர் பிள்ளையிடம் விளக்கிச் சொல்ல முடியுமா?

2. ஈரக் கழிவை அளந்து கழித்தோமா, மதிப்பிட்டுக் கழித்தோமா?

3. விலை ஏறிய செய்தியை விவசாயிக்கு எத்தனை நாளில் சொன்னோம்?

4. பற்றுக் கணக்கின் நகல் அவர் கையில் இருக்கிறதா?

5. பொட்டலத்தின் மேல் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றா?

6. இன்று நம் கடையிலிருந்து போன பைகளில் எத்தனை குப்பையாகும், எத்தனை திரும்பி வரும்?

ஆறுக்கும் ஒரே நாளில் நல்ல பதில் வராது. ஒன்றிலிருந்து தொடங்குங்கள். ஈரப்பத மானியிலிருந்து தொடங்குவது எளிது. அடுத்த மே 5, வணிகர் தினத்தன்று நம் சங்கத்தில் கூடும்போது யார் யார் எதைச் செய்தோம், எவ்வளவு செலவானது, எங்கே இடித்தது என்று கணக்கோடு பேசுவோம். மலை மகமைக்கு முதல் இரசீதையும் அன்றே கிழிக்கலாம்.